படர்தாமரைக்கு இலை அரைத்துப் போடலாமா? எந்த மூலிகைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது

கேட்டவரின் நிலைமை சுருக்கமாக இது. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் நான்கு மாதமாகப் படர்தாமரை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிரீம் போட்டால் ஒரு வாரத்தில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிடப் பெரிதாக வருகிறது. வீட்டில் பெரியவர்கள் குப்பைமேனியும் மஞ்சளும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசச் சொல்கிறார்கள், ஒரு நண்பர் சீமை அகத்தி என்கிறார், இன்னொருவர் வேப்பெண்ணெய் என்கிறார். இதில் எதற்காவது அறிவியல் ஆதாரம் உண்டா, இல்லை எல்லாம் வெறும் நம்பிக்கையா என்று கேட்டிருக்கிறார்.

நான் தோல் மருத்துவம் பார்ப்பவன், இந்தக் கேள்வி தினமும் வருகிறது. சிலவற்றுக்கு மனிதர்களிடம் சோதித்த ஆதாரம் உண்டு, பலவற்றின் கதை ஆய்வகத் தட்டோடு நின்றுவிட்டது, ஒன்றிரண்டு ஆபத்தானவை. ஆனால் எந்த இலை என்று கேட்பதற்கு முன்னால் எந்த நோய் என்று கேட்க வேண்டும். படர்தாமரை ஒரு பூஞ்சை. தேமல் இன்னொரு வகைப் பூஞ்சை, அது ஈஸ்ட் இனம், நம் எல்லோர் தோலிலும் சாதாரணமாகவே இருப்பது. சொறி சிரங்கு என்பது தோலுக்குள் குடைந்து முட்டையிடும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. சீழ்க்கொப்புளம் பாக்டீரியா. அக்கி வைரஸ். காளாஞ்சகப்படையோ (சோரியாசிஸ்) தொற்றே கிடையாது, ஆனாலும் பார்க்கப் படர்தாமரை மாதிரியே செதில் செதிலாக இருக்கும், அதனால் வெட்பாலைத் தைலத்தை வாங்கிப் படர்தாமரைக்கும் பூஞ்சை மருந்தை வாங்கிக் காளாஞ்சகப்படைக்கும் மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறைய. ஒன்றைக் கொல்லும் இலை இன்னொன்றைத் தொடக்கூட செய்யாது.

சரி, ஆதாரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் இணையத்தில் 'அறிவியல் நிரூபித்தது' என்று வரும் செய்திகளில் பெரும்பாலானவை ஒரே வகைச் சோதனையைத்தான் காட்டுகின்றன. ஒரு தட்டில் கிருமியை வளரவிட்டு, இலைச் சாற்றில் நனைத்த சிறு காகித வில்லையை அதன்மேல் வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரிந்தால் அந்த இலைக்குக் கிருமியை அடக்கும் ஆற்றல் உண்டு என்று கட்டுரை எழுதலாம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும். மருந்துக்கு இன்னும் அடங்கும் ஒரு படர்தாமரைப் பூஞ்சையை நிறுத்த டெர்பினாஃபின் என்ற மருந்து ஒரு மில்லிலிட்டரில் 0.1 மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தால் போதும். இலைச் சாறுகளுக்கு அதே வேலையைச் செய்ய நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. தட்டில் அவ்வளவு ஊற்றலாம். தோலின் மேல்படலத்துக்குள் அவ்வளவு போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி, அதற்கு விடை நோயாளிகளிடம் சோதித்தால்தான் கிடைக்கும்.

அந்தச் சோதனையைக் கொஞ்சமாவது தாண்டி வந்த செடி என்றால் நான் முதலில் சீமை அகத்தியைச் சொல்வேன். வண்டுகொல்லி என்றும் சொல்வார்கள். வாய்க்கால் ஓரத்தில், குளக்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்த மாதிரி மஞ்சள் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்குமே, அதுதான். பெயரிலேயே சீமை இருப்பதற்குக் காரணம் இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி, ஆனால் வந்த இடமெல்லாம் மக்கள் இதைப் படர்தாமரைக்கே பயன்படுத்தியிருக்கிறார்கள், நம் ஊரிலும் தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும். பிலிப்பைன்ஸில் இதற்கு அகபுல்கோ என்று பெயர், அந்நாட்டுச் சுகாதாரத் துறை பரிந்துரைத்த 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று, லோஷனாகவே செய்து விற்கிறார்கள். இலையில் கிரைசோஃபனால், ரெயின், ஆலோ எமோடின் என்று ஆந்த்ராகுயினோன் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. இந்தக் குடும்பத்துப் பொருட்களுக்குத் தோல் மருத்துவத்தில் பழைய வரலாறு உண்டு. பிரேசில் நாட்டு மரம் ஒன்றிலிருந்து எடுத்து, கோவாத் தூள் என்ற பெயரில் இந்தியாவில் படர்தாமரைக்கு விற்ற மருந்தின் சாரமும் இதே இனம்தான், அதைப் பார்த்து 1916-இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்த டித்ரனால் இன்றும் காளாஞ்சகப்படைக்குப் பயன்படுகிறது.

மனிதர்களிடம் பார்த்த சோதனை என்றால், சீமை அகத்தி இலைச் சாற்றைத் தேமல் நோயாளிகளுக்குப் போட்டு 10 ஆண்டு கவனித்த ஒரு இந்திய ஆய்வு 1994-இல் வெளிவந்தது. பலன் இருக்கிறது, பக்கவிளைவு இல்லை என்று எழுதியிருந்தார்கள். எனக்கு இது நம்பிக்கை தரும் ஆய்வு. ஆனால் ஒரே குழு செய்த ஒரு வேலையை வைத்து மருந்து என்று சொல்லிவிட முடியாது, அதுவும் தேமலுக்குச் செய்தது, படர்தாமரைக்குச் செய்ததல்ல. இன்னொரு விஷயம், இந்த ஆந்த்ராகுயினோன்கள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. அதனால் தண்ணீர் விட்டு அம்மியில் அரைத்துப் பூசுவதில் தோலுக்குள் இறங்குவது குறைவாகத்தான் இருக்கும், எண்ணெயில் காய்ச்சும் வழக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். காய்ந்து வெடித்த பச்சைப் பற்று தோலில் கிடந்து உதிர்ந்துகொண்டிருப்பதை மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நாகமல்லியும் இதே வரிசையில் வரும். அதில் உள்ள ரைனகாந்தின் வகைச் சேர்மங்கள் பூஞ்சையை நன்றாகவே அடக்குகின்றன, தாய்லாந்தில் இதை வைத்து நிறைய வேலை நடந்திருக்கிறது.

பூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தேமலுக்குப் பச்சைப் பூண்டைத் தேய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பூண்டிலிருந்து கிடைக்கும் அஜோயீன் என்ற பொருளை 0.4 சதவீதக் கிரீமாகச் செய்து வெனிசுவேலாவில் 1996-இல் 34 பேருக்குக் கால் பூஞ்சைக்குப் போட்டார்கள், 7 நாளில் 79 சதவீதம் பேருக்குக் குணமானது. சிறிய ஆய்வுதான், ஆனால் நல்ல முடிவு. அதற்காகப் பச்சைப் பூண்டைத் தட்டித் துணியால் கட்டி வைக்காதீர்கள். பூண்டின் சாறு தோலை வேகவைத்துவிடும். தீக்காயம் போலக் கொப்புளித்து வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன. 0.4 சதவீதம் என்று அளந்து செய்த கிரீமும் கையால் நசுக்கிய பூண்டுப் பல்லும் ஒன்றல்ல, மூலிகை விஷயத்தில் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

அப்புறம் குப்பைமேனி. வீட்டில் முதலில் சொல்லும் இலை இதுதான், வேலியோரம் எங்கும் முளைத்துக் கிடப்பதால் செலவும் இல்லை. ஆய்வகத்தில் சில பாக்டீரியாக்களை, முக்கியமாகச் சீழ்க்கொப்புளத்துக்குக் காரணமான வகையை, ஓரளவு அடக்குகிறது. ஆனால் படர்தாமரை நோயாளிகளிடம் வைத்து ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்த சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை. உப்பும் மஞ்சளும் சேர்த்து அரைத்துப் பூசினால் எரியும், அந்த எரிச்சலில் அரிப்பு கொஞ்ச நேரம் மறக்கும், பலன் என்று தோன்றுவதில் ஒரு பங்கு அதுதான். மேலே பூசுவதால் பெரிய கேடு இல்லை, தோல் உரிந்த இடத்தில் மட்டும் வேண்டாம். சாப்பிடுவதுதான் கவலை. இலங்கையில் குப்பைமேனியைச் சமைத்துச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இது நடக்கிறது. நம்மில் பலருக்கு அந்தக் குறை இருப்பது சோதிக்கும் வரை தெரியவே தெரியாது. 'ரத்தம் சுத்தமாகும்' என்று தோல் நோய்க்குக் குப்பைமேனிச் சாறு குடிக்கச் சொன்னால் குடிக்காதீர்கள். தோல் பூஞ்சைக்கும் ரத்தம் சுத்தமாக இருப்பதற்கும் சம்பந்தமும் இல்லை.

வேப்பிலையும் மஞ்சளும் சேர்ந்தது சிரங்குக்கு. இதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு, 1992-இல் வெளிவந்தது, 814 பேருக்கு வேப்பிலை மஞ்சள் விழுதைப் பூசியதில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாட்களுக்குள் குணமானதாகச் சொல்கிறது. மூலிகைக்கு ஆதரவாக எழுதுபவர்கள் எல்லோரும் காட்டும் எண் இதுதான். எண் பெரியது, ஆனால் மருந்து போடாத அல்லது வேறு மருந்து போட்ட இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, முன்னோட்ட ஆய்வு என்றே அவர்களும் வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நல்ல பலன் என்றால் முறையான சோதனை ஒன்றைப் பெரிய அளவில் செய்து முடித்திருக்க வேண்டும், மலிவான இலை, ஏழை எளியவர்களுக்கு வரும் நோய், இதைவிட என்ன வேண்டும்? சிரங்கை 2017-இல் உலக சுகாதார நிறுவனமே கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. நம் பல்கலைக்கழகங்களில் இன்னொரு இலையை இன்னொரு தட்டில் வைக்கும் நூறாவது ஆய்வுக்குப் பதில் இந்த ஒன்றைச் செய்யலாம் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

இப்போதைக்குச் சிரங்குக்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீம்தான். அதுவும் செடியிலிருந்து வந்த அறிவுதான், சாமந்தி இனத்துப் பூ ஒன்றில் உள்ள பூச்சிக்கொல்லியைப் பார்த்துச் செய்த பொருள். சித்த மருத்துவத்தில் சிரங்குக்குச் சொல்லும் கந்தகம் வீணான மருந்தல்ல, கந்தகக் களிம்பை இன்றும் கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எழுதுகிறோம். எது போட்டாலும் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுவதும், விரல் இடுக்கு, தொப்புள், நகத்தடி விடாமல், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் போட வேண்டும், ஒரு வாரம் கழித்துத் திரும்பவும் போட வேண்டும். புதிதாகத் தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதனால் 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்று விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து மொத்த வீட்டுக்கும் மறுபடி வரும். இரவில் அதிகமாகும் அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு என்றால் சிரங்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குழந்தைகளின் சிரங்கை லேசாக எடுக்காதீர்கள், சொறிந்த புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா புகுந்தால் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்கி முகம் ஊதிக்கொண்டு வரும். இலை அரைத்துப் பார்க்கலாம் என்று இழுத்தடித்த வாரங்களில் நடப்பது அது.

மஞ்சளைத் தனியாகப் பார்த்தால், அதிலுள்ள குர்குமின் என்ற பொருள் ஆய்வகத் தட்டில் எல்லாவற்றையும் கொல்கிற மாதிரித் தெரியும். அது ஒளியில் சிதையும், உடம்பில் சரியாக உறிஞ்சப்படாது, அதைவிட முக்கியமாக ஆய்வகச் சோதனைகளில் இல்லாத பலனை இருப்பதாகக் காட்டி ஏமாற்றும் குணம் உள்ள மூலக்கூறு என்று 2017-இல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். மஞ்சள் பூசுவதில் தவறில்லை. ஆனால் அதை நம்பிப் பூஞ்சையை விட்டுவைக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. பிலிப்பைன்ஸில் 2008-இல் வெளியான ஆய்வில், கரப்பான் போன்ற ஒவ்வாமைத் தோல் அழற்சி உள்ள 52 பேரில் பாதிப் பேருக்குச் சுத்தமான தேங்காய் எண்ணெயும் பாதிப் பேருக்கு ஆலிவ் எண்ணெயும் தடவச் சொன்னார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா தோலில் இருந்தவர்களில், தேங்காய் எண்ணெய்க் குழுவில் 20 பேர் 1 ஆகக் குறைந்தார்கள், ஆலிவ் குழுவில் 12 பேர் 6 ஆனார்கள். யார் எதைத் தடவுகிறார் என்று மறைத்து, இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனை. அதனால் வறண்ட, பாக்டீரியா அடிக்கடி ஏறும் தோலுக்குத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் தேமலுக்குச் சொல்ல மாட்டேன். தேமலுக்குக் காரணமான மலசீசியா கொழுப்பு அமிலங்களைத் தின்று வாழ்வது, ஆய்வகத்தில் அதை வளர்க்கவே எண்ணெய் சேர்க்க வேண்டும். தேமல் உள்ள மார்பிலும் முதுகிலும் தினம் எண்ணெய் தேய்த்தால் அதற்குத் தீனி போடுகிறீர்கள்.

முழு ஆதாரம் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்டால் இரண்டு உதாரணம் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெயை 25, 50 சதவீதக் கரைசலாகக் கால் பூஞ்சைக்கு வெறும் கரைசலோடு ஒப்பிட்டு 158 பேரிடம் 2002-இல் சோதித்தார்கள், 50 சதவீதக் கரைசல் போட்டவர்களில் 64 சதவீதம் பேர் குணமானார்கள், வெறும் கரைசலில் 31 சதவீதம். அந்த 31-ஐக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல், கால் விரல் இடுக்கைக் கழுவி ஏதோ ஒன்றைத் தினமும் தடவியதிலேயே மூன்றில் ஒருவருக்குச் சரியாகியிருக்கிறது. ஒப்பிடும் குழு இல்லாத ஆய்வில் அந்தப் பெருமையும் மூலிகைக்கே போய்விடும். இன்னொன்று பச்சைத் தேயிலை. அதன் சாற்றிலிருந்து செய்த களிம்பைப் பிறப்புறுப்பு மருக்களுக்கு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006-இல் அனுமதித்தது, மருத்துவர் சீட்டின் பேரில் கொடுக்க அங்கே அனுமதி பெற்ற முதல் தாவரச் சாற்று மருந்து அது. செடி என்பதால் யாரும் ஒதுக்கவில்லை. அளவு ஒரே மாதிரி இருந்தது, மனிதர்களிடம் ஒப்பிட்டுக் காட்டினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். சீமை அகத்திக்கும் அது நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

இனி உங்கள் இடுப்புக்கு வருவோம். உங்கள் பாட்டி காலத்துப் படர்தாமரையும் இன்று நான் பார்க்கும் படர்தாமரையும் ஒன்றல்ல. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இந்தியாவில் பரவியிருப்பது ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்ற இனம், 2020-இல்தான் அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். இதில் பெரும் பகுதி டெர்பினாஃபினுக்கு அடங்குவதில்லை, அந்த மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய நொதியின் மரபணுவே மாறிவிட்டது. இடுப்பு, தொடை, பிட்டம் என்று பெரிய வட்டங்களாகப் படரும், வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும், மாத்திரை கொடுத்தே பல வாரம் ஆகிறது. அன்று இலைச் சாற்றில் அடங்கியிருக்கக்கூடிய லேசான தொற்று வேறு, இது வேறு. எங்கள் பாட்டிக்குச் சரியானதே என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, சரியாகியிருக்கலாம்.

இந்த நிலைமைக்கு நம்மைக் கொண்டுவந்ததில் நீங்கள் சொன்ன அந்த மெடிக்கல் கிரீமுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் பெரும்பாலும் க்ளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டு, அதோடு ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாடிக் எல்லாம் ஒரே டியூபில் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் இரண்டே நாளில் அமுக்கும், கூடவே அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கும், பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் பெரிதாக வருவது அதனால்தான். தொடர்ந்து போட்டால் தொடையிடுக்கில் தோல் மெலிந்து கோடு கோடாக விரியும், அந்தக் கோடு பிறகு மறையாது. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டுக் கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது, இன்றும் கேட்டால் கிடைக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் வாரம் அரிப்பு கூடும், பயந்து திரும்பப் போடாதீர்கள்.

அதற்குப் பதிலாக மூலிகைக் கிரீம் என்று பெயர் போட்டதை வாங்கினால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குழந்தைகளுக்குப் போட்ட 24 மூலிகைக் கிரீம்களைப் பரிசோதித்ததில் 20-இல் ஸ்டீராய்டு கலந்திருந்தது, 2003-இல் வெளியானது. லேபிளில் தயாரிப்பு உரிம எண்ணும் சேர்மானமும் இல்லாமல், ஒரே இரவில் அரிப்பை நிறுத்தும் மூலிகைக் களிம்பு எதையும் நான் நம்புவதில்லை.

தொடவே கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். சேராங்கொட்டை எண்ணெய் தோலைப் பொசுக்கும், பட்ட இடத்தைத் தாண்டியும் கொப்புளிக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாழாகும், மருவுக்கு வைக்கப் போய்க் கையோடு கண்ணைக் கசக்கியவர்கள் உண்டு. எலுமிச்சைச் சாற்றைத் தேமலில் தேய்த்து வெயிலில் நின்றால் அதிலுள்ள சொராலன் வெயிலோடு சேர்ந்து தோலை எரித்துக் கருந்திட்டு விழச் செய்யும், கார்போகரிசி என்ற மூலிகை விதையிலும் அதே பொருள்தான். வேப்பெண்ணெயை மேலே தடவலாம், கைக்குழந்தைக்குச் சங்கில் ஊற்றிக் கொடுக்கவே கூடாது. மலேசியாவில் அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று மூளையும் கல்லீரலும் பாதித்தது 1981-லேயே லான்செட் இதழில் வந்தது. திறந்த புண்ணில் மண்ணோடு பறித்த இலையை வைத்துக் கட்டுவதில் டெட்டனஸ் அபாயம் உண்டு. சர்க்கரை நோயாளியின் காலில் எந்தப் பற்றும் வேண்டாம்.

அக்கிக்குக் காவி மண்ணால் எழுதும் வழக்கம் தெரியும். குயவரிடம் போய் எழுதிக்கொள்வது காலங்காலமாக நடக்கிறது, ஈர மண் குளிர்ச்சியில் எரிச்சல் கொஞ்சம் தணியும், கெடுதல் பெரிதாக இல்லை. ஆனால் அக்கிக்கு மாத்திரை கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், வயதானவர்களுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியின் சுமையை அப்போதே குறைக்கப் பார்க்க வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவரையும் பாருங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

உங்களுக்கு என்ன செய்யலாம் என்றால், முதலில் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். வியர்வையில் ஊறிக்கொண்டே கிடக்கும் அந்தக் கயிற்றில் பூஞ்சை தங்கி, எவ்வளவு மருந்து போட்டாலும் திரும்பத் திரும்பத் தொற்றும், பெண்களுக்குப் பாவாடை நாடா இறுக்கும் இடம் இதே கதைதான். கழற்ற மனமில்லை என்றால் வெள்ளி அரைஞாணாக மாற்றிக்கொண்டு தினம் கழுவுங்கள். ஜீன்ஸை ஓரம் வைத்துவிட்டு வேட்டி, லுங்கி, தளர்ந்த பருத்திக்கு மாறுங்கள். துண்டு ஆளுக்கு ஒன்று. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவருக்கும் சேர்த்து ஒரே சமயத்தில் சிகிச்சை.

பிறகு ஒரு தோல் மருத்துவரிடம் போய்ச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். வட்டத்தின் ஓரத்திலிருந்து செதிலைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்ப்போம். செதில் கரைந்து தெளிந்ததும் பூஞ்சை இழைகள் கிளை கிளையாகப் பிரிந்து ஓடுவது தெரியும். வலிக்காது, அதிக நேரமும் ஆகாது, படர்தாமரையா காளாஞ்சகப்படையா என்ற குழப்பம் பெரும்பாலும் அங்கேயே தீரும். மாத்திரை கொடுத்தால் தோல் வெளுத்துத் தெளிந்த பிறகும் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள், அரிப்பு நின்ற அன்று நிறுத்துபவர்களுக்குத்தான் திரும்ப வருகிறது. சீமை அகத்தி எண்ணெய் போடத்தான் ஆசை என்றால், மாத்திரையோடு சேர்த்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு நாணய அளவு தடவி இரண்டு நாள் பாருங்கள், சிவந்தால் விட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் போவதற்குச் சில நாள் முன்னாலேயே இலைப் பற்று, கிரீம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள், பூசியிருந்தால் சுரண்டலில் பூஞ்சை சரியாகத் தெரியாது. இதுவரை போட்ட டியூப்கள் எல்லாவற்றையும், தீர்ந்துபோனதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். குப்பைமேனி போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.